மறு: தகைவிலான் டிஎன்ஏயில வித்தியாசமே வரேல்லை

தம்பி, யாழ்ப்பாணத்தில மண்டைதீவிலயும் தொண்டைமானாத்திலயும் பிடிச்ச தகைவிலான் குருவியளுக்குள்ள மரபணு வித்தியாசம் ஒண்டும் வரேல்லை, லாப்பில பிழை விட்டிட்டனோ எண்டு கேட்டிருந்தீங்கள். எனக்கெண்டால் பிழை லாப்பில இல்லை, பிரிச்ச விதத்திலதான் எண்டு படுது. அதுகள் இஞ்ச குஞ்சு பொரிக்கிறேல்லை, குளிர்காலத்துக்கு வந்து போறதுகள், ஒரே கரண்ட் வயரில சைபீரியாக் குருவியும் கிழக்காசியாக் குருவியும் பக்கத்தில பக்கத்தில குந்தியிருக்கலாம், அப்ப எங்கட ஊரை வைச்சுப் பிரிச்சால் எப்பிடி வித்தியாசம் வரும்? ஊரை விட்டிட்டு ஒவ்வொரு குருவியையும் தனித்தனியா எடுத்து கிளஸ்டர் பண்ணுங்கோ, அதாவது மரபணு ஒத்துப்போறதுகளை ஒண்டா சேத்துக் கூட்டம் பிரியுங்கோ. பிடிக்கேக்க எடுத்த படங்களையும் ஒருக்கா பாருங்கோ, சைபீரியாப் பக்கத்து டைட்லெரி எண்ட உள்ளினத்துக்கு வயிறு செம்பழுப்பு, கிழக்காசியாவின்ர குட்டுராலிஸ் எண்ட உள்ளினத்துக்கு வெள்ளை. பிறகு ஜென்பாங்க் எண்ட இணைய மரபணுத் தரவுத்தளத்தில இருக்கிற, கூடு கட்டுற இடத்துக் குருவியளின்ர டிஎன்ஏ சீக்குவன்ஸோட கட்டாயம் ஒப்பிடுங்கோ, அப்பதான் எது எங்கயிருந்து வந்தது எண்டு கதைக்கேலும்.