காரைக் கவிழ்த்துப் பாருங்கள்

(பழைய ஸ்லாட் கார்கள் பற்றி வாசகர்கள் கேட்டவை. ஸ்லாட் கார் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: டிராக்கின் நடுவே ஒரு பள்ளம், அதன் இரு பக்கமும் மின்சாரம் பாயும் உலோகப் பட்டை, காரின் மூக்குக்கு அடியில் உள்ள முளை அந்தப் பள்ளத்தில் இறங்கி ஓடும், கையிலிருக்கும் விசையை அழுத்தினால் கார் பறக்கும், விட்டால் நிற்கும். அவ்வளவுதான்.)

கேள்வி: கார் பூட் சேலில் (கார் டிக்கியில் வைத்துப் பழைய சாமான் விற்கும் சந்தை) ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பழைய ஸ்கேலெக்ஸ்ட்ரிக் கார்கள் வாங்கினேன். ஐந்து கார், ஒன்றுக்கும் டப்பா இல்லை. பாடியைப் பார்த்தால் ஃபோர்டு, மினி என்று தெரிகிறது, ஆனால் எந்த வருடத்துக் கார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இணையத்தில் ஒரே மினிக்குப் பத்து விதமாகப் போட்டிருக்கிறார்கள்.
– ஈஸ்ட் ஹாம் வாசகர், லண்டன்

பதில்: முதலில் பாடியைப் பார்ப்பதை நிறுத்துங்கள். பாடி பொய் சொல்லும். ஒரே அச்சை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் நிறத்தையும் ஸ்டிக்கரையும் மாற்றி மாற்றி விற்றிருக்கிறார்கள். காரைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் எழுத்து தெரியாது, சாய்த்து அடித்தால்தான் நிழல் விழுந்து தெரியும். 'மேட் இன் இங்லண்ட்' என்று இருக்கிறதா, 'டிரை-ஆங்' பெயர் இருக்கிறதா, சி என்ற எழுத்தோடு ஒரு எண் இருக்கிறதா என்று தேடுங்கள்.

கொஞ்சம் கதையும் தெரிந்தால் வேலை சுலபம். ஃபிரெட் ஃபிரான்சிஸ் என்பவரின் மினிமாடல்ஸ் கம்பெனி 1957இல் ஹாரோகேட் பொம்மைக் கண்காட்சியில் ஸ்கேலெக்ஸ்ட்ரிக்கை முதலில் காட்டியது. அப்போது பாடி தகரம், டிராக் ரப்பர். மறு வருடமே கம்பெனி லைன்ஸ் பிரதர்ஸ் கைக்குப் போனது, டிரை-ஆங் அவர்களுடைய பெயர். 1960 வாக்கில் பிளாஸ்டிக் பாடி வந்துவிட்டது. 1971இல் லைன்ஸ் பிரதர்ஸ் திவாலானது. அப்புறம் கை மாறி, பின்னாளில் ஹார்ன்பி கம்பெனியிடம் வந்தது. ஆக, உங்கள் பெட்டியில் தகரக் கார் இருந்தால் அது 1957-60க்குள், வேறு யோசனையே வேண்டாம். அதன் அடியில் முளைக்குப் பதிலாகச் சின்னச் சக்கரம் ஒன்று தொங்கும், மின்சாரம் எடுப்பதே அதுதான். அந்தச் சக்கரம் தொலைந்திருந்தால் காரை அலமாரியில் வைத்து அழகு பாருங்கள்.

பிளாஸ்டிக் கார்களில் முளையைப் பாருங்கள். உருண்டையான குச்சி மாதிரி இருந்தால் 60களின் கார், தட்டையான பிளேடு மாதிரி இருந்தால் அதற்குப் பிந்தியது. அடுத்து மோட்டார். செம்புச் சுருளும் காந்தமும் வெளியே தெரிகிற திறந்த சட்டம் என்றால் பழசு, தகர டப்பாவுக்குள் மூடி வைத்த மோட்டார் என்றால் 60களின் கடைசியோ அதற்கு அப்புறமோ. யாராவது இடையில் மோட்டாரை மாற்றியிருக்கலாம், அதனால் முளையும் மோட்டாரும் ஒரே காலத்தைச் சொன்னால் மட்டும் நம்புங்கள்.

எண் விஷயத்தில் எல்லாரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. சின்ன எண் என்றால் பழைய கார் என்று நினைத்துவிடுவோம். இல்லை. 60களின் கார்கள் சி 50, 60, 70 வரிசையில்தான் வந்தன, ஒற்றை இலக்க எண்கள் அதற்குப் பிறகு வந்தவை. உங்கள் மினியையே எடுத்துக்கொள்ளுங்கள், சி 7 என்று இருந்தால் அது சி 76 மினிக்குத் தம்பி, அண்ணன் இல்லை. நான்கு இலக்கம் என்றால் நம் காலத்துக் கார். கே என்று ஆரம்பித்தால் கோ-கார்ட், பி என்றால் சைடுகார் வைத்த பைக். 'மேட் இன் ஸ்பெயின்' என்றோ 'எக்ஸின்' என்றோ இருந்தால் இங்கிலாந்துப் பட்டியலில் அந்த எண்ணைத் தேடாதீர்கள். ஸ்பெயினில் எக்ஸின் கம்பெனி தனியாகச் செய்தது, எண் வரிசையும் தனி.

கேள்வி: என் பெட்டியில் இருக்கும் கார்கள் எவ்வளவு பெறும்?
– பெயர் வேண்டாம் என்று எழுதியவர்

பதில்: பெரும்பாலும் ஒரு குடும்பம் வெளியே போய்ச் சாப்பிடுகிற காசு. அடியில் சி 70 என்று போட்ட புகாட்டி இருந்தால் மட்டும் எழுந்து கதவைச் சாத்திவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். சேகரிப்பவர்கள் தேடி அலைகிற கார் அது. அதனாலேயே நகல்களும் சுற்றுகின்றன, சந்தோஷத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருந்த மாமா பரணில் வைத்துவிட்டுப் போன அரோரா கம்பெனி ஸ்லாட் கார் செட் ஒன்று கிடைத்திருக்கிறது. விரல் நீளக் கார்கள் ஆறு. 12 வோல்ட் அடாப்டர் வைத்து ஓட்டிப் பார்த்தேன், நான்கு கார் ஏதோ நகர்கிறது, இரண்டு கார் 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அப்படியே நிற்கிறது. எரிந்துவிட்டதா? கூடவே வந்த பவர் பேக்கைச் செருகலாமா?
– நங்கநல்லூர் வாசகர், சென்னை

பதில்: செருகாதீர்கள்! இதை முதலில் படித்தீர்கள் என்றால் நல்லது. அது 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம் வீட்டில் 230. நான் ஒருமுறை பிளக் முனையை மாற்றும் அடாப்டர் இருக்கிறதே என்ற தைரியத்தில் செருகிவிட்டேன். ஐந்து நிமிடம் நன்றாகத்தான் இருந்தது, அப்புறம் வீடு முழுக்கக் கருகிய வார்னிஷ் வாசனை, என் மனைவி அடுப்பை அணைக்க ஓடினார். 60 வருடப் பழைய ஒயரின் உறையும் தொட்டால் உதிரும். அந்தப் பேக்கைக் காட்சிப் பொருளாக வைத்துக்கொள்ளுங்கள்.

'டிக்' என்று நின்ற இரண்டும் எரியவில்லை, கவலை வேண்டாம். அவை அரோரா 1960இல் கொண்டுவந்த வைப்ரேட்டர் கார்கள். உள்ளே சுற்றுகிற மோட்டாரே கிடையாது. ஒரு காந்தச் சுருள், அதன் எதிரே துடிக்கும் ஒரு தகடு, அந்தத் துடிப்பு பின் அச்சில் உள்ள பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் தள்ளும். கேட்டால் வண்டு சுற்றுகிற மாதிரி இருக்கும். இதற்கு ஏசி மின்சாரம் வேண்டும். நீங்கள் கொடுத்தது டிசி, அதனால் தகடு ஒரு முறை இழுபட்டு அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அதுதான் அந்த 'டிக்'. ஏசி வெளியீடு தருகிற, முழுக்க மூடிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வேண்டும். அதைத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் சொல்லி வாங்குங்கள், திறந்த டிரான்ஸ்ஃபார்மரை மேசைமேல் வைத்து நீங்களே ஒயர் முறுக்க வேண்டாம்.

மீதி நான்கும் 1963இல் வந்த தண்டர்ஜெட்டாக இருக்க வேண்டும், சேகரிப்பவர்கள் வாயில் டி-ஜெட். பாடியை முன்னும் பின்னும் ஒவ்வொரு திருகாணி பிடித்திருக்கிறதா? கழற்றினால் மேலே ஒரு தட்டு, அதன்மேல் சின்னச் சின்னப் பல்சக்கரங்கள் வரிசையாகத் தெரிகிறதா? அப்படியானால் அதேதான். திருகாணி இல்லாமல் பாடி வெறுமனே கவ்விக்கொண்டு இருந்தால் அது 1971க்குப் பிந்திய ஏஎஃப்எக்ஸ், அதுவும் அரோரா செய்ததுதான். அதிலும் காந்தம் அடிப்பக்கம் வரை இறங்கித் தெரிந்தால் 1974இல் வந்த மாக்னா-டிராக்‌ஷன். காந்தம் டிராக்கின் இரும்புப் பட்டையை இழுத்துப் பிடிப்பதால் வளைவில் எகிறாது. (எகிறாத கார் எனக்கு அவ்வளவு பிடிக்காது, அது வேறு விஷயம்.)

டி-ஜெட் மெதுவாக ஓடுவதற்கு ஒரு காரணம் உங்கள் 12 வோல்ட், அது 18 வோல்ட் பக்கம் ஓடிப் பழகியது. இன்னொரு காரணம் அழுக்கு. தட்டைப் பிடித்திருக்கும் கிளிப்பை நகர்த்தி, தட்டோடு ஆர்மேச்சரையும் (மோட்டாரில் சுற்றுகிற சுருள்) தூக்குங்கள். ஆர்மேச்சரின் அடியில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்ன வட்டம், மூன்று துண்டாகப் பிரிந்த செம்பு, அது கறுத்துப்போய் இருக்கும். பென்சில் ரப்பரால் தேயுங்கள், பளிச்சென்று வரும். துண்டுகளுக்கு நடுவே உள்ள இடுக்கை மறந்துவிடாதீர்கள், பல் குச்சியால் ஒரு இழுப்பு. சேசிஸில் இரண்டு குழியில் வட்ட வட்டமாகக் கார்பன் பிரஷ் உட்கார்ந்திருக்கும், அவை குழிக்குள் மேலும் கீழும் தாராளமாக அசைய வேண்டும். எண்ணெய் ஊசி முனையில் ஒரு துளி, அதற்கு மேல் விட்டால் பிரஷ்ஷுக்குப் போய்விடும்.

காந்தத்தை வெளியே எடுக்கும்முன் எது எந்தப் பக்கம், எது மேல் என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் திருப்பி வைத்தால் கார் அசையாது, இரண்டையும் திருப்பி வைத்தால் பின்னோக்கி ஓடும். பிரஷ், மின்சாரம் எடுக்கும் செம்புத் தகடு, டயர் மூன்றும் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், தாராளமாகக் கிடைக்கும். கிடைக்காதது பாடி. அதனால் அந்தத் திருகாணிகளை முடுக்காதீர்கள், பிடித்துக்கொண்டால் போதும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தண்டு கீறிவிட்டால் அப்புறம் பசைதான்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பெரியவர் கொடுத்த பெரிய ஸ்லாட் கார் ஒன்று, ஃபோர்டு ஜிடி40 மாதிரி இருக்கிறது. உலோக சேசிஸ், பின் சக்கரம் ஒன்றும் பெரிய கியரும் இல்லை. கம்பெனி பெயர் எங்கும் இல்லை. எதைச் சொல்லி உதிரி பாகம் கேட்பது?
– ஸ்கார்பரோ வாசகர், டொராண்டோ

பதில்: பெயர் வேண்டாம், அளவு போதும். ஒரு வெர்னியர் (நுணுக்கமாக அளக்கும் கருவி) வாங்கிவிடுங்கள், இந்தப் பொழுதுபோக்கில் காரைவிட அது முக்கியம்.

முதலில் அளவுவீதம். அசல் ஜிடி40இன் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 95 அங்குலம், அதாவது 2413 மில்லிமீட்டர். உங்கள் காரில் அது 100 மில்லிமீட்டர் பக்கம் வந்தால் 1/24, 75 பக்கம் வந்தால் 1/32. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கும், பொம்மை செய்தவர்கள் சேசிஸுக்கு ஏற்ப பாடியை இழுப்பார்கள்.

அடுத்து அச்சின் கனம். 3.17 மில்லிமீட்டர் என்றால் எட்டில் ஒரு அங்குலம், 60களின் நடுவில் அமெரிக்காவில் கடைக்குக் கடை ஓடிய காக்ஸ், ரெவெல், மோனோகிராம் வகையறா. 2.38 என்றால் பெரும்பாலும் ஐரோப்பியச் சாமான். அச்சு நுனியில் மரை இருந்தால் சக்கரம் திருகி ஏறும் வகை, அதற்கு 5-40 மரை என்று கேட்டு வாங்க வேண்டும். வழுவழு அச்சுக்கு வரும், பக்கவாட்டுத் திருகாணி வைத்த சக்கரத்தை வாங்கி அதில் மாட்டினால் ஆடும். நான் மாட்டி ஆட்டியிருக்கிறேன்.

கியர்தான் இல்லையே, எப்படி அளப்பது? மோட்டார் தண்டில் பினியன் என்ற குட்டிப் பல்சக்கரம் இருக்கிறதல்லவா, அதன் பற்களை எண்ணுங்கள், இரண்டைக் கூட்டுங்கள், பினியனின் வெளிவிட்டத்தை அங்குலத்தில் அளந்து அதால் வகுங்கள். 48 பக்கம் வந்தால் 48 பிட்ச் (பற்களின் நெருக்கத்தைச் சொல்லும் எண்), 64 பக்கம் வந்தால் 64 பிட்ச். உதாரணமாக 10 பல், விட்டம் 0.25 அங்குலம் என்றால் 12ஐ 0.25ஆல் வகுத்தால் 48. பிட்ச் ஒத்துப்போகாத கியரைப் போட்டால் ஒரு ரவுண்டு ஓடும், சத்தம் மிக்ஸியில் கல் விழுந்த மாதிரி இருக்கும், பிறகு பல் இருக்காது. மோட்டார் காரின் நீளவாக்கில் கிடந்தால் கிரீடம் மாதிரி பக்கவாட்டில் பல் வைத்த கியர் வேண்டும், குறுக்கே கிடந்தால் சாதாரணத் தட்டைக் கியர்.

இன்னொன்று, சேசிஸ் சாம்பல் நிறத்தில் இறகு மாதிரி இலேசாக இருந்து, மேலே வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது மெக்னீசியம். காக்ஸ் அப்படிச் செய்திருக்கிறார்கள். துரு என்று நினைத்து வினிகரில் ஊறப்போட்டுவிடாதீர்கள், அரித்துத் தின்றுவிடும். காய்ந்த பிரஷ்ஷால் துடையுங்கள்.

தனித்தனியாக ஒவ்வொரு பாகமாகத் தேடி வாங்குவதற்குப் பதில், பாடி உடைந்த அதே வகைக் கார் ஒன்றை முழுசாக வாங்கிவிடுங்கள். உங்களுக்கு வேண்டிய சக்கரமும் கியரும் போக, இன்னும் உடையப் போகிற நாலு பாகமும் கையில் இருக்கும். தபால் செலவும் ஒன்றுதான்.

கேள்வி: அப்பாவின் காரை முப்பது வருடம் கழித்து எடுத்தேன். டயர் கல்லாகிவிட்டது. அதோடு டயர் பட்ட இடத்தில் பக்கத்துக் காரின் கண்ணாடி உருகின மாதிரி குழிந்திருக்கிறது. வெயிலா?
– லெஸ்டர் வாசகி

பதில்: வெயில் இல்லை அம்மா, டயரேதான். ரப்பரை மெதுவாக வைத்திருக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். அது வெளியே போனதால்தான் டயரும் கல்லானது. ஒரே காரணம், இரண்டு சேதம். அந்தக் கண்ணாடியைச் சரிசெய்ய முடியாது, 60களின் பிரபலமான கார்களுக்கு மட்டும் புதிதாக வார்த்த கண்ணாடி கிடைக்கும், கேட்டுப் பாருங்கள்.

டயரை நெம்பி எடுக்காதீர்கள், சக்கரம் அதைவிட நொறுங்கிப்போய் இருக்கும். வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு, அசையவில்லை என்றால் பிளேடால் குறுக்கே கீறி உரித்துவிடுங்கள். கீறும்முன் மூன்று அளவு எழுதிக்கொள்ளுங்கள்: டயரின் வெளிவிட்டம், அகலம், உள்ளே சக்கரத்தின் விட்டம். கார் பெயரைச் சொல்லி வாங்கினால் பாதி நேரம் தப்பாக வரும், ஏனென்றால் ஒரே கார் இரண்டு விதச் சக்கரத்தோடு வந்திருக்கும். சிலிக்கான் டயர் சுத்தமான டிராக்கில் அருமையாகப் பிடிக்கும், தூசி பட்டால் வழுக்கும், செலோடேப்பின் பசைப் பக்கத்தில் ஒரு உருட்டு உருட்டினால் சரியாகிவிடும். கார்களைத் தனித்தனியாகப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், டயர் எதையும் தொடக்கூடாது.

கேள்வி: 60களின் திறந்த மோட்டார் கார் ஒன்று ரொம்ப மெதுவாக ஓடுகிறது. சேசிஸை வெட்டி இப்போதைய வேகமான மோட்டாரைப் பொருத்தலாம் என்கிறான் மகன்.
– ஈப்போ வாசகர், மலேசியா

பதில்: மகனுக்குப் புதுக் கார் ஒன்று வாங்கிக் கொடுங்கள். வெட்டின சேசிஸை ஒட்ட வைக்க எனக்கு வழி தெரியாது. அந்த மோட்டாரை நீங்களே ஏற்கெனவே பிரித்துப் பார்த்திருந்தால், அதனால்கூட மெதுவாகியிருக்கலாம். அந்தக் காலத்து ஆல்னிகோ (ஒருவகை உலோகக் கலவை) காந்தம், ஆர்மேச்சரை வெளியே எடுத்துவிட்டால் பலம் இழக்கும். இனிமேல் எடுத்தால் அந்த இடத்தில் ஒரு இரும்புத் துண்டைச் செருகி வையுங்கள், போல்ட் ஆனாலும் சரி.