வீட்டு லேபில் சாஃப்ட்வேர் பழக லைசென்ஸ் வாங்க வேண்டுமா?

கேள்வி: வீட்டில் சும்மா கிடக்கும் கணினியில் விண்டோஸ் சர்வர், டேட்டாபேஸ், லினக்ஸ் எல்லாம் போட்டுப் பழகப் பார்க்கிறேன். எதற்கெல்லாம் லைசென்ஸ் வாங்க வேண்டும்? வேலை பார்க்கும் நிறுவனத்தின் லைசென்ஸ் கீயை வீட்டில் போடலாமா?

பெரும்பாலானவற்றுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அதற்காக 'வீட்டில்தானே ஓடுகிறது' என்று எதையும் எப்படியும் போட்டுவிட முடியாது. லைசென்ஸில் பார்க்க வேண்டியவை மூன்று: என்ன வேலைக்கு ஓட்டுகிறீர்கள், யார் பெயரில் ஓட்டுகிறீர்கள், எத்தனை நாளைக்கு ஓட்டுகிறீர்கள்.

விண்டோஸ் சர்வரை முதலில் எடுத்துக்கொள்வோம், பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். மைக்ரோசாஃப்ட்டின் எவால்யுவேஷன் சென்டரில் கிடைக்கும் எவால்யுவேஷன் (சோதித்துப் பார்க்கும்) பதிப்பு 180 நாள் ஓடும். ஆனால் இன்ஸ்டால் செய்த முதல் 10 நாளுக்குள் இணையம் வழியாக ஆக்டிவேட் ஆகியிருக்க வேண்டும். லேபை வெளி நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைப்பது நல்ல பழக்கம். அந்த நல்ல பழக்கமே இங்கே வம்பாகிவிடும். இணையத்தையே பார்க்காத சர்வர் 10 நாள் கழித்துத் தானாக ஷட்டவுன் ஆகும்போது, ரேமிலும் பவர் சப்ளையிலும் கோளாறு தேட வேண்டாம். சர்வர் ஓடும் வீஎம்முக்கு (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினிக்கு) முதல் நாளே கூடுதலாக, இணையத்தை எட்ட உதவும் ஒரு நாட் (NAT) அடாப்டர் கொடுங்கள், ஆக்டிவேட் ஆனதும் அதை எடுத்துவிடுங்கள்.

180 நாளும் முடிந்தபின் சர்வர் மணிக்கொரு முறை அணையத் தொடங்கும். அதற்கு முன்பே அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் எஸ்எல்எம்ஜிஆர் கட்டளையை டிஎல்வி என்ற ஸ்விட்சோடு (slmgr /dlv) ஓட்டினால், மீதி நாளும் இன்னும் எத்தனை முறை ரீஆர்ம் செய்யலாம் என்பதும் தெரியும். அதே கட்டளையை ரீஆர்ம் ஸ்விட்சோடு கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் கெடு மறுபடி தொடங்கும். வீஎம்மின் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி நாளை ஏமாற்றும் யோசனையை விட்டுவிடுங்கள். அது விதிமீறல் என்பது ஒரு பக்கம். டொமைனில் (ஒரே லாகின் நிர்வாகத்தின் கீழ் சேர்த்த குழுவில்) இருக்கும் மெஷின்களுக்குள் நேரம் 5 நிமிடத்துக்கு மேல் விலகினாலே கெர்பரோஸ் எனும் முறையில் நடக்கும் லாகின் நின்றுவிடும், லேபே படுத்துவிடும்.

இன்னொன்று. எவால்யுவேஷன் பதிப்பை, வாங்கிய கீ போட்டு டிஸ்ம் (DISM) கட்டளையால் முழுப் பதிப்பாக மாற்றலாம். ஆனால் அந்த சர்வர், டொமைனின் லாகின்களை நிர்வகிக்கும் டொமைன் கன்ட்ரோலராக இருந்தால் மாற்ற முடியாது. முழுப் பதிப்பில் இன்னொரு கன்ட்ரோலர் எழுப்பி, எஃப்எஸ்எம்ஓ ரோல்கள் எனும் டொமைன் நிர்வாகப் பொறுப்புகளை அங்கே நகர்த்தி, பழையதிலிருந்து ஆக்டிவ் டைரக்டரியை (டொமைனின் பயனர், மெஷின் விவரங்களை வைத்திருக்கும் சேவையை) நீக்க வேண்டும். பிறகு காசு கொடுத்து வைத்துக்கொள்வோம் என்ற எண்ணம் இருந்தால் இதை இப்போதே கணக்கில் வையுங்கள்.

விண்டோஸ் 11 பழக 90 நாள் என்டர்பிரைஸ் எவால்யுவேஷன் இருக்கிறது. லேப்டாப்போடு வந்த ஓஇஎம் லைசென்ஸ் அந்த லேப்டாப்புக்கு மட்டுமே உரியது; அதே கீயை உள்ளே ஓடும் வீஎம்முக்கும் போடுவது தவறு.

டேட்டாபேஸுக்கு எஸ்கியூஎல் சர்வரின் டெவலப்பர் பதிப்பை எடுங்கள். 2016 முதல் இலவசம், கெடு கிடையாது, என்டர்பிரைஸ் வசதிகள் எல்லாம் உள்ளே இருக்கும். டெவலப்மென்ட்டுக்கும் டெஸ்டிங்குக்கும் மட்டும் என்பதே நிபந்தனை. பழகுவதற்காகக் கட்டிய ஆப்பை ஒருவர் தம் தொழில் கணக்கு எழுதப் பயன்படுத்தத் தொடங்கிய அன்றே அது புரொடக்‌ஷன் ஆகிவிட்டது, மெஷின் உங்கள் மேசைக்கு அடியில் இருந்தாலும் சரி. அந்த நிலை வரும் என்று தோன்றினால் தொடக்கத்திலேயே எக்ஸ்பிரஸ் பதிப்புக்குப் போய்விடுங்கள். அதைப் புரொடக்‌ஷனில் ஓட்டலாம். 2022 எக்ஸ்பிரஸில் ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி வரைதான். டெவலப்பரை அப்படியே எக்ஸ்பிரஸாக இறக்க வழி இல்லை, பேக்கப் எடுத்து எக்ஸ்பிரஸில் ரீஸ்டோர் செய்ய வேண்டும். டிடிஇ என்க்ரிப்ஷன் (டேட்டாபேஸ் கோப்புகளையே மறையாக்கும் வசதி) போட்ட டேட்டாபேஸ் அங்கே திறக்காது. பலருக்கும் இது தெரிய வருவது ரீஸ்டோர் தோற்ற பிறகுதான்.

லினக்ஸில் கவலை குறைவு. ரெட் ஹாட் தனிநபர்களுக்கான டெவலப்பர் சந்தாவில் 16 மெஷின் வரை இலவசமாகத் தருகிறது. ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். வீஎம்மை அழிக்கும் முன் சப்ஸ்கிரிப்ஷன் மேனேஜரில் அன்ரெஜிஸ்டர் கொடுக்க மறக்காதீர்கள். கொடுக்காவிட்டால் அழித்த மெஷினெல்லாம் கணக்கின் பட்டியலில் அப்படியே நிற்கும். பதிவே வேண்டாம் என்றால், ரெட் ஹாட்டை ஒத்த இலவச லினக்ஸ்களான ஆல்மா, ராக்கி இரண்டில் ஒன்று போதும். உபுண்டு ப்ரோ சொந்த உபயோகத்துக்கு 5 மெஷின் வரை இலவசம்.

வீஎம் ஓட்டும் அடித்தளத்துக்கு என் பரிந்துரை ப்ராக்ஸ்மாக்ஸ். அது ஏஜிபிஎல் எனும் திறமூல லைசென்ஸில் வருகிறது, மெஷின் எண்ணிக்கை, நாள் கணக்கு எதுவும் இல்லை. இன்ஸ்டால் செய்தவுடன் அப்டேட் கொடுத்தால் 401 என்று பிழை வரும்: காசு கட்டியவர்களுக்கான என்டர்பிரைஸ் ரெப்பாசிட்டரி (அப்டேட் இறங்கும் இடம்) இயல்பாகவே இயங்கும் நிலையில் இருக்கும். அதை முடக்கி, நோ-சப்ஸ்கிரிப்ஷன் ரெப்பாசிட்டரியைச் சேர்த்தால் சரியாகிவிடும். வீஎம் ஓட்டும் இன்னொரு மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படைத் தொகுப்பு ஜிபிஎல் எனும் திறமூல லைசென்ஸில் வருகிறது; எங்கும் போடலாம். அதற்குக் கூடுதல் வசதிகள் தரும் எக்ஸ்டென்ஷன் பேக் தனி லைசென்ஸ், சொந்த உபயோகத்துக்கும் கல்விக்கும் இலவசம். வீட்டில் போட்ட கையோடு ஆபீஸ் லேப்டாப்பிலும் அதைப் போட்டு ஆபீஸ் வேலை பார்ப்பவர்கள் ஏராளம், அங்கே அது காசுக்கு உரியது. 7.0 பதிப்பிலிருந்து யூஎஸ்பி 2, 3 ஆதரவு அடிப்படைத் தொகுப்பிலேயே இருப்பதால் பலருக்கு அந்த பேக் தேவையே இல்லை.

ஆப்களைக் கன்டெய்னர் எனும் தனித்தனிப் பொதிகளாக ஓட்டும் டாக்கர் டெஸ்க்டாப் சொந்தமாகப் பழக இலவசம்.

இனி நிறுவனத்தின் கீ. போடாதீர்கள். பல மெஷின்களுக்காக மொத்தமாக வாங்கும் வால்யூம் கீ நிறுவனத்தின் சொத்து. எம்ஏகே வகை என்றால், வீட்டில் செய்யும் ஒவ்வொரு ஆக்டிவேஷனும் நிறுவனத்தின் எண்ணிக்கையிலிருந்து கழியும், கணக்குப் பார்ப்பவர் கேட்பார். கேஎம்எஸ் வகை என்றால், 180 நாளுக்குள் நிறுவனத்தின் சர்வரை மறுபடி எட்ட வேண்டும், வீட்டிலிருந்து எட்டாது. விஷுவல் ஸ்டுடியோ சந்தா மட்டும் வேறு: அது ஆளுக்குத் தரப்படுவது என்பதால், உங்கள் பெயரில் இருந்தால் டெவலப்மென்ட், டெஸ்டிங் வேலைக்கு வீட்டு மெஷினிலும் போடலாம். அப்படியும் நிறுவனத்திடம் ஒரு மின்னஞ்சலில் அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சந்தா நிறுவனத்துடையது என்றால், வேலையை விட்டதும் அந்த உரிமையும் போய்விடும்.

விதிகள் மாறிக்கொண்டே இருப்பதையும் கவனியுங்கள். வீஎம் ஓட்ட உதவும் விஎம்வேரின் இலவச இஎஸ்எக்ஸ்ஐ 2024 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டு 2025 ஏப்ரலில் திரும்பி வந்தது. அதே விஎம்வேரின் வொர்க்ஸ்டேஷன் ப்ரோ 2024 நவம்பர் முதல் எல்லோருக்கும் இலவசம். அதனால் ஒவ்வொன்றையும் டவுன்லோட் செய்யும்போதே லைசென்ஸ் வாசகத்தையும் தேதியோடு, ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் கோப்பு) இருக்கும் அதே ஃபோல்டரில் சேமித்துவிடுங்கள்.