ஒன்பதாம் மாதத்தில் நாளைக் கடத்தவே முடியவில்லை, எப்படிச் சமாளித்தீர்கள்?

37 வாரம் முடிந்துவிட்டது, ராத்திரி தூக்கம் இல்லை, எல்லாரும் எப்போது எப்போது என்று கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மூத்தவளைச் சுமந்துகொண்டு கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை பக்கம் அம்மா வீட்டில் இருந்த கடைசி வாரங்கள் எனக்கும் இப்படித்தான் போயின. முதலில் தேதியைப் பற்றிச் சொல்கிறேன். உடம்பு படுத்தியதைவிட அதுதான் என்னை அதிகம் படுத்தியது.

டாக்டர் தரும் தேதி, கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணி வருவது. சரியாக அந்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான். முதல் பிள்ளை 41 வாரம் வரை போவது ரொம்ப சாதாரணம். எங்கள் ஊர்ப்பக்கம் கணவர் வளைகுடாவில் இருக்கும் வீடுகள் நிறைய. என் கணவரும் அப்போது மஸ்கட்டில். அந்தத் தேதியை நம்பி லீவு போட்டு வந்தார். லீவு கரைந்துகொண்டே போகிறது, பிள்ளை வரவில்லை. தெருவில் "இன்னும் பெறல்லியா மக்ளே?" என்று பாசமாகத்தான் கேட்பார்கள். நான் உள்ளே போய் அழுவேன்.

என் மைனி (அண்ணி) ஒரு நாள் போனை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டார். விசாரிப்பவர்களுக்கெல்லாம் அவரே பதில் சொன்னார். அன்றைக்குத்தான் மூச்சு விட்டேன். உங்கள் வீட்டிலும் ஒருவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். இனி கேட்பவர்களிடம் தேதி சொல்ல வேண்டாம், "ஐப்பசி கடைசி, இல்லேன்னா கார்த்திகை" என்கிற மாதிரி சொன்னால் போதும். 41 வாரம் தாண்டியதும் டாக்டர் மருந்து கொடுத்து வலி வரவைக்கலாம் என்றால் அதை உங்கள் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் மகள் அப்படித்தான் பிறந்தாள், அவள் அப்பா பக்கத்தில் இருக்கும்போதே.

சரி, ராத்திரிக்கு வருவோம். ஒருக்களித்துப் படுங்கள், இடப்பக்கம் என்றால் நல்லது. முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, வயிற்றுக்கு அடியில் மடித்த பழைய சேலை. விழிக்கும்போது மல்லாந்து கிடந்தால் பதற வேண்டாம், திரும்பிப் படுத்தால் போதும். நெஞ்செரிச்சலுக்கு நான் செய்தது, மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் மதியத்தோடு சரி, ராத்திரி சீக்கிரமே கஞ்சியும் சிறுபயறும். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது படுக்கக்கூடாது. வயிற்றின் மேல்வாய் ஹார்மோனால் தளர்ந்திருக்கும், கர்ப்பப்பை வேறு கீழிருந்து அழுத்தும், அதனால்தான் படுத்ததும் புளித்து மேலே வருகிறது. கெண்டைக்கால் இழுத்தால் காலை நீட்டி விரல்களை முகத்தை நோக்கி மடக்குங்கள், விட்டுவிடும்.

அப்புறம் சூட்டு வலி, அதாவது பிரசவ வலி மாதிரியே வந்து போகும் பொய் வலி. எங்கள் பாட்டி வயிறு இறுகினாலே சீரகத் தண்ணீர் கொடுத்துப் படுக்கச் சொல்வார். அதில் விஷயம் இருக்கிறது. பொய் வலி தண்ணீர் குடித்தால், கொஞ்சம் நடந்தால், படுக்கும் பக்கத்தை மாற்றினால் பெரும்பாலும் அடங்கும். நிஜ வலி எதற்கும் அடங்காது, இடைவெளி குறைந்துகொண்டே வரும், வலி கூடிக்கொண்டே போகும். நேரத்தை ஒரு தாளில் குறித்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு நிமிடம் நீடித்து, ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பலாம் என்பது பொதுக் கணக்கு. ஆனால் மலையோரத்திலிருந்து ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு வர வேண்டியவர்கள் அவ்வளவு நேரம் காத்திருக்கக்கூடாது. மழைக்காலம் என்றால் இன்னும் முன்னாடியே. எப்போது கிளம்புவது என்று அடுத்த செக்கப்பிலேயே கேட்டுவிடுங்கள். பையையும் தாய் சேய் அட்டையையும் இப்போதே எடுத்து வையுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கடைசியில் இடம் இல்லாததால் பிள்ளை அசைவு குறையும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது சரியில்லை. உதைப்பது புரளுவதாக மாறலாம், ஆனால் அசைவு பிரசவம் வரை இருக்க வேண்டும். வழக்கத்தைவிடக் குறைந்தது மாதிரி தோன்றினால் விடியட்டும் என்று இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தாங்காத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென்று வீங்குவது, பனிக்குடம் உடைவது, ரத்தப்போக்கு, உள்ளங்கை உள்ளங்காலில் விடாத அரிப்பு, இவற்றுக்கும் உடனே காட்டுங்கள். வண்டி இல்லையென்றால் 108. பரிசோதித்து ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் கூச்சப்படாதீர்கள். மறுபடி சந்தேகம் வந்தால் மறுபடியும் போங்கள்.