ஓடுற ஆத்தோட வெளிச்சமும், பாக்கறப்ப வர்ற அந்த உணர்வும் (மூடு) போட்டோல வரவே மாட்டேங்குது, கேமரா மாத்தணுமா?

மாத்த வேணாங்க. நீங்க அனேகமா பதினோரு மணி வெயில்ல, வந்த வேன் கிளம்புறதுக்குள்ள அவசரமா எடுத்திருப்பீங்க. அந்த நேரத்துல எந்த கேமராலயும் நுரை வெளுத்துப் போகும், பாறை கருத்துப் போகும், நடுவுல ஒண்ணும் மிஞ்சாது.

நான் தர்மபுரிக்காரன், ஒகேனக்கல்லதான் எடுத்துப் பழகினேன். ஒரு ஆடி மாசம், மேல கர்நாடகாவுல இருக்கற கபினி, கேஆர்எஸ் (கிருஷ்ணராஜசாகர்) அணை ரெண்டுலயும் தண்ணி திறந்துவிட்டு இங்க பரிசலை நிறுத்திட்டாங்க, கூட வந்தவங்க மீன் வறுவல் சாப்பிட்டுட்டுத் திரும்பிட்டாங்க, நான் மட்டும் போலீஸ் விட்ட தூரத்துல கரையில நின்னேன். வானம் மூடிக் கெடந்துச்சு. எனக்கு அந்த மேகம்தான் வேணும், வெயில் இல்லாதப்பதான் நுரைக்குள்ள இருக்கற மடிப்பு வரைக்கும் தெரியும். பாறையோட ஈரப் பளபளப்பை போலரைசர் (லென்ஸ் முன்னாடி மாட்டி, திருப்பித் திருப்பி பளபளப்பைக் குறைக்கற கண்ணாடி) திருப்பி பாதிதான் குறைச்சேன், முழுசா எடுத்துட்டா ஈரமே செத்துடும். ஷட்டர், அதாவது கேமரா வெளிச்சத்தை உள்ள விடுற நேரம், கால் செகண்ட். நுரை வெளுக்காத அளவுக்கு எக்ஸ்போஷரை (படத்துல பதியற வெளிச்ச அளவை) எறக்கிட்டேன், இருட்டான எடத்தை அப்புறம் ரா ஃபைல்ல (கேமரா சுருக்காம அப்படியே பதியற ஃபைல்ல) வெளிச்சமாக்கிக்கலாம், வெளுத்தது திரும்ப வராது.

உடனே சில பேர் வருவாங்க, என்டி ஃபில்டர் (லென்ஸுக்குள்ள வர்ற வெளிச்சத்தைக் குறைக்கற கருப்புக் கண்ணாடி) போட்டு 30 செகண்ட் வைக்கணும்னு. தப்புன்னு சொல்லல, ஏரி, கடல்னா அழகாத்தான் இருக்கும். ஆனா மேட்டூர் பக்கம் அப்படி அடிச்சிக்கிட்டுப் போற காவிரியை பால் ஊத்தி வச்ச மாதிரி காட்டுறது எனக்குப் பொய்யாப் படுது. கால் செகண்ட், அரை செகண்ட்ல வச்சா தண்ணி எங்க திரும்புது, எந்தப் பாறையில மோதி எழும்புதுன்னு கோடு கோடா தெரியும், மூடு அதுலதான் இருக்கு. ஒயிட் பேலன்ஸை (படத்தோட நிறத்தை சரிபண்ற செட்டிங்கை) டேலைட்ல வைங்க, காலையில பாறை இடுக்கு நிழல்ல இருக்கற நீலத்தை ஆட்டோ சரிபண்றேன்னு அழிச்சிடும்.

அன்னிக்கு ஒகேனக்கல்ல எடுத்த அந்தப் படத்தை ஒரு அச்சகத்துல காலண்டர்ல போட்டுட்டாங்க, கேக்கல, பேரும் போடல. அதைக் கூட விட்டுடுவேன், செவப்பா வந்த தண்ணியை நீலமா மாத்திட்டாங்க! ஆடிப்பெருக்குக்கு அந்த செவப்புப் புதுத்தண்ணியைக் கும்பிடுற ஊருங்க இது. போன் பண்ணா நெட்ல கெடச்சுதுங்கறாங்க. அதனால ஒரிஜினல் ஃபைலை யாருக்கும் குடுக்காதீங்க, வாட்ஸப்ல அனுப்புனாலும் சின்னதாக்கி அனுப்புங்க. லென்ஸ் தொடைக்க ரெண்டு மூணு துணி வச்சுக்கோங்க, சாரல் விடாது.