நர்ஸம்மா பதில்கள்: அக்கம்பக்கத்து நாட்டுப் பிரசவங்கள்

(ராமநாதபுரம் மாவட்டத்தில் 31 ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

பிரசவத்தில் சாகும் தாய்மார்கள் இலங்கையில் நம்மைவிடக் குறைவு என்கிறாள் மகள். அத்தனை வருஷம் சண்டை நடந்த நாட்டில் எப்படி?
வாசகி, மானாமதுரை

மகள் சொன்னது சரிதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 கணக்கில், ஒரு லட்சம் குழந்தை பிறந்தால் இலங்கையில் இறக்கும் தாய்மார் 29 பேர். இந்தியாவில் 103, வங்கதேசத்தில் 123, பாகிஸ்தானில் 154, நேபாளத்தில் 174. ஆனால் ‘இந்தியா’ என்று ஒரே மூச்சில் சொல்வது எனக்குப் பிடிக்காது. நம் அரசின் 2018-20 கணக்கில் கேரளம் 19, தமிழ்நாடு 54, அசாம் 195. எதை எதோடு சேர்த்துச் சராசரி போடுவது?

எப்படி என்று கேட்டீர்கள். 1990-ல் மண்டபம் அகதிகள் முகாமுக்கு இலங்கையிலிருந்து ஒரு மன்னார்ப் பெண் வந்தாள், ஏழு மாதம். துணிமூட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்த ஓர் அட்டை மட்டும் நனையவில்லை. அவள் ஊர் மருத்துவ மாது (அங்கே மிட்வைஃபுக்கு அதுதான் பெயர்) எழுதிக் கொடுத்த கர்ப்பிணி அட்டை. எடை, பி.பி., வயிற்றின் உயரம் எல்லாம் மாதவாரியாக இருந்தது. என்னிடம் அவள் கேட்ட முதல் கேள்வி: “அக்கா, இஞ்ச மிட்வைஃப் வீட்டுக்கு வருவாவோ?”

போவேன்தான். ஆனால் எனக்கு 5,000 ஜனம். அங்கே ஒரு மருத்துவ மாதுக்குச் சுமார் 3,000. இலங்கையில் களுத்துறை என்ற ஊரில் முதல் சுகாதாரப் பிரிவைத் திறந்தது 1926-ல். பெரிய ஆஸ்பத்திரிகளை மட்டும் நம்பி உட்காராமல், வீடு தேடிப் போக ஆள் வைத்தார்கள். பெண்பிள்ளைகளைப் படிக்கவும் வைத்தார்கள். அந்த அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு வாசித்துக் காட்டியதே அவள்தான்!

இங்கே எல்லாம் சிசேரியன். வங்கதேசம் மாதிரி ஏழை நாட்டில் இன்னும் சுகப்பிரசவம்தானே?
வாசகர், திருப்பூர்

யார் சொன்னது? 2004-ல் அங்கே நூற்றுக்கு 4 சிசேரியன், 2022-ல் 45. தமிழ்நாடும் 2019-21 கணக்கில் அதே 45-தான். அரசு ஆஸ்பத்திரியில் 36, தனியாரில் 64. வங்கதேசத்துத் தனியார் கிளினிக்குகளில் பத்துக்கு எட்டுக்கு மேல். அதே வங்கதேசத்தில் மூன்றில் ஒரு பிரசவம் இன்னும் வீட்டில் நடக்கிறது. அந்த வீடுகளில் குழந்தை குறுக்கே கிடந்தால் அறுக்க ஆளில்லை.

டாக்டர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். “நாளைக்கு ரோகிணி, தாய்மாமனுக்கு ஆகாது, இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்க நர்ஸம்மா” என்று பஞ்சாங்கத்தோடு பிரசவ வார்டு வாசலில் நின்ற தாத்தாவை எனக்குத் தெரியும். அந்தத் தாய்மாமன் பக்கத்திலேயே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

நேபாள மலையில் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவார்கள்?
வாசகி, கொடைக்கானல்

நடந்தோ, தூக்கிக்கொண்டோ. 1996-ல் நூற்றுக்கு 8 பேர்தான் ஆஸ்பத்திரியில் பெற்றார்கள், 2022-ல் 79. அங்கே பிரசவம் இலவசம், வழிச்செலவுக்கும் பணம் தருகிறார்கள். சமவெளிப் பெண்ணுக்கு அவர்கள் பணத்தில் 1,000 ரூபாய், குன்றுப் பகுதிக்கு 2,000, உயர்மலைக்கு 3,000. நம் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் தொகை பெரிது, 18,000. ஆனால் கல்வராயன் மலைக்காரிக்கும் சென்னைக்காரிக்கும் ஒன்றுதான். இதில் நேபாளத்துக்காரர்கள் கெட்டிக்காரர்கள்.

அக்கம்பக்கத்து நாடுகளிடம் நாம் கற்க ஏதாவது உண்டா?
வாசகர், கும்பகோணம்

உண்டு. பிரசவத்துக்குப் பின் உதிரம் நிற்காமல் போனால் கர்ப்பப்பைக்குள் வைத்து அழுத்த வெளிநாட்டு பலூன் இருக்கிறது, விலைதான் கட்டுப்படியாகாது. டாக்காவில் டாக்டர் சாயெபா அக்தர் 2000-த்தில் ஒரு வழி கண்டார். சிறுநீர்க் குழாயின் நுனியில் ஆணுறையை மாட்டி, நூலால் இறுக்கிக் கட்டி, உள்ளே வைத்து சலைன் ஏற்றினார். உதிரம் நின்றது. பல நாடுகளுக்குப் பரவிவிட்டது.

எங்களுக்கும் பயிற்சி வகுப்பில் செய்து காட்டினார்கள். மேஜையில் ஆணுறையை எடுத்து வைத்ததும் பாதிப் பேர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டோம். சலைன் ஏற ஏற அது சின்னப் பறங்கிக்காய் அளவுக்கு உப்பியது. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. பின் வரிசையிலிருந்து ஒருத்தி மட்டும் எழுந்து, முடிச்சை எத்தனை சுற்றுப் போட வேண்டும் என்று கேட்டாள்.