தவளைத் தொட்டிக்குள்ள வெள்ளைப் பொடி ஓடுது!

கேள்வி: சார், என் பையன் ப்ளஸ் ஒன் படிக்கிறான், அடம்பிடிச்சு பச்சைக் கலர் ட்ரீ ஃப்ராக் ஒண்ணு வாங்கி கண்ணாடித் தொட்டியில வளர்க்கிறான். மழை ஆரம்பிச்சதுல இருந்து தொட்டி மண்ணு மேல உப்பு தூவின மாதிரி வெள்ளையா குட்டிக்குட்டிப் பூச்சி. வீட்டுக்காரர் கரப்பான் ஸ்ப்ரே அடிச்சிடலாம்ங்கறார், மாமியார் கற்பூரம் போடச் சொல்றாங்க. என்ன சார் பண்றது?
- ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: முதல்ல அந்த ஸ்ப்ரேயை எடுத்து பரண் மேல வைங்கம்மா. கற்பூரமும் சாமி ரூமோட நிக்கட்டும். தவளை வாயால தண்ணி குடிக்காது, தோல் வழியாத்தான் உறிஞ்சும், மூச்சுலயும் ஒரு பங்கு அந்தத் தோல் வழியாத்தான், அதனால நீங்க பூச்சிக்கு அடிக்கிறது நேரா தவளைக்குள்ள போயிடும். வேப்பெண்ணெய், பூச்சி சாக்பீஸ், அந்துருண்டை எல்லாத்துக்கும் இதே பதில்தான்.

இப்போ ஒரு குச்சியால அந்த வெள்ளைப் பூச்சியை லேசா தொட்டுப் பாருங்க. டபக்னு குதிச்சா அது ஸ்ப்ரிங்டெயில். வயித்துக்கு அடியில மடிச்சு வெச்சிருக்கிற வாலைத் தரையில அடிச்சு எகிறும், ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். பூஞ்சையையும் மக்கின இலையையும் தின்னுட்டு அது பாட்டுக்கு இருக்கும், தவளையைக் கடிக்கவே கடிக்காது. தவளை வளர்க்கிறவங்க இதைக் காசு குடுத்து வாங்கி விடுறாங்க, உங்களுக்கு சும்மா வந்திருக்கு! தம்பி தெருவுல இருந்து பாதாம் மர இலை பொறுக்கிட்டு வந்து போட்டானான்னு கேளுங்க, அதுல ஒட்டிக்கிட்டு வந்திருக்கலாம்.

குதிக்காம உருண்டையா மெதுவா ஊர்ந்தா அது மைட், எட்டுக் கால், சிலந்திக்கு சொந்தம். மண்ணுல வர்றது முக்கால்வாசி அழுகினதைத் தின்னுறதுதான், ஆனா கூட்டம் ஏறுதுன்னா உள்ள ஏதோ அழுகுதுன்னு அர்த்தம். தம்பி தீனியாப் போடுற கிரிக்கெட் பூச்சியில (சுவர்க்கோழி) தவளை தின்னது போக மிச்சம் செத்துக் கிடக்கும், அதைத் தேடி எடுக்கச் சொல்லுங்க. (உயிரோட இருக்கிற மிச்சத்தையும் எடுக்கணும், ராத்திரியில அதுங்க தவளையைக் கடிக்கும்.) ஒரு துண்டு வெள்ளரிக்காயை சாயங்காலம் மண்ணு மேல வெச்சா காலையில மைட் எல்லாம் அதுல மொய்ச்சிருக்கும், அப்படியே தூக்கிக் குப்பையில போடுங்க, நாலஞ்சு நாள் செஞ்சா நல்லாவே குறையும்.

அப்புறம் தண்ணி. நம்ம ஊர்ல ஐப்பசி கார்த்திகையில காத்தே ஈரமாத்தான் இருக்கு, அதுக்கு மேல தினமும் மூணு வேளை ஸ்ப்ரே பண்ணினா மண்ணு சேறாத்தான் ஆகும், பூந்தொட்டியில மொய்க்குமே குட்டிக் கறுப்பு ஈ, அதுவும் வரும். அடிக்கிறதைக் குறைங்க, காத்து போக வழி விடுங்க. அப்படியும் அடங்கலன்னா தவளையை ஓட்டை போட்ட டப்பாவுல ஈர டிஷ்யூ பேப்பர் விரிச்சு மாத்திட்டு, பழைய மண்ணைக் கொட்டிட்டு, தொட்டியை சோப்பு இல்லாம சுடுதண்ணியில கழுவி, புதுசா தென்னை நார்த்தூள் போடுங்க. இலையைக் கொதிக்க வெச்சு ஆறவெச்சுப் போடணும். மெட்ரோ வாட்டர்னா குளோரின் இருக்கும், கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைகள்ல ஆன்டி குளோரின் சொட்டு கிடைக்கும், அதைக் கலந்துக்குங்க.

நான் பயப்படுறது எறும்புக்குத்தான். செவ்வெறும்பு வரிசை தொட்டிக்குள்ள நுழைஞ்சா அது தவளையையே கடிச்சுப் புண்ணாக்கிடும். அந்தக் காலத்துல பலகார அலமாரி காலுக்கு அடியில தண்ணிக் கிண்ணம் வைப்பாங்கல்ல, அதே மாதிரி ஸ்டாண்டு கால் நாலுக்கும் வெச்சிடுங்க, கொசு முட்டை போடாம தினம் தண்ணி மாத்தணும்.

தவளை உடம்புலயே புள்ளி புள்ளியா ஏதாவது ஒட்டிக்கிட்டு இருந்து, அது தீனியும் எடுக்கலன்னா அது வேற கதை, டாக்டர்கிட்டதான் போகணும்.

கேள்வி: அதே ரூம்ல ராத்திரி கொசு லிக்விட் போடலாமா சார்?

பதில்: வேண்டாம்மா. அதுவும் பூச்சி மருந்துதானே! தம்பிக்குக் கொசுவலை கட்டுங்க.