மேமோகிராம் எடுத்த பிறகு அல்ட்ராசவுண்ட் எதற்கு?

கேள்வி: எனக்கு 44 வயது. மேமோகிராம் ரிப்போர்ட்டில் ‘டென்ஸ் பிரெஸ்ட், டைப் சி’ என்று எழுதி, அல்ட்ராசவுண்டும் எடுக்கச் சொல்கிறார்கள். எக்ஸ்ரேயில் தெரியாதது அதில் தெரியுமா? மார்பை அழுத்தியதில் உயிர் போகிற வலி. அழுத்தித்தான் ஆக வேண்டுமா?

பதில்: அல்ட்ராசவுண்டைத் தள்ளிப்போடாதீர்கள். ‘டென்ஸ்’ என்பது நோயின் பெயரல்ல. கொழுப்பைவிடச் சுரப்பியும் நார்த்திசுவும் கூடுதலாக இருக்கின்றன, அவ்வளவுதான். ‘டைப் சி’ என்பது ஏ முதல் டி வரையான அடர்த்தி வரிசையில் மூன்றாவது படி. உங்கள் வயதில் ஏராளமான பெண்களுக்கு அப்படித்தான். சிக்கல் படத்தில் வருகிறது: எக்ஸ்ரேயில் கொழுப்பு கறுப்பாக விழும், சுரப்பி வெள்ளையாக விழும், கட்டியும் வெள்ளைதான். அல்ட்ராசவுண்டில் சுரப்பித் திசு வெளிறியும் பெரும்பாலான கட்டிகள் கருமையாகவும் தெரிவதால் இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம்.

அதற்காக மேமோகிராம் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். பொடிப்பொடியான கால்சியத் துகள்களைக் காட்டுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. பால்குழாய்க்குள்ளேயே அடங்கியிருக்கும் ஆரம்பப் புற்றுக்குச் சில சமயம் அந்தத் துகள்கள் மட்டுமே அடையாளம்.

இனி வலி. எக்ஸ்ரே குழாய்க்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தைப் பொறுத்தே கதிரின் ஆற்றல் அமையும். இடுப்பு எக்ஸ்ரேவுக்கு 70, 80 கிலோவோல்ட் வைப்பார்கள். மேமோகிராமுக்கு 30ஐ ஒட்டித்தான். கதிரின் ஆற்றல் குறைந்தால்தான் மென்திசுக்களுக்கு இடையிலான சிறு வேறுபாடு படத்தில் பிடிபடும். ஆனால் அந்தக் கதிர் தடிமனான திசுவை எளிதில் ஊடுருவாது. அழுத்தி மெலிதாக்கினால் குறைந்த கதிர்வீச்சே போதும், ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் திசு விரியும், படமும் கலங்காது. ஆகவே அழுத்தத்தைத் தவிர்க்க முடியாது, வலியைக் குறைக்கலாம். அடுத்த முறை மாதவிலக்கு முடிந்த வாரத்தில் நாள் வாங்குங்கள். அப்போது மார்பு அவ்வளவு நோகாது. அன்று பவுடர், டியோடரண்ட் வேண்டாம். அவற்றின் துகள்கள் படத்தில் கால்சியம் போலவே தெரியும்.

டோமோசிந்தசிஸ் வசதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். எக்ஸ்ரே குழாய் வில்போல நகர்ந்து பல கோணங்களில் படமெடுக்க, கணினி அவற்றை மெல்லிய அடுக்குகளாகப் பிரித்துக் காட்டும். அமெரிக்காவில் 2011இல் அனுமதி பெற்ற முறை இது. உங்களைப் போன்றவர்களுக்கு நல்ல பலன் தரும். இதற்கும் அடுத்த கட்டமாக, திசு எவ்வளவு கதிரை விழுங்குகிறது என்பதோடு, கதிர் எவ்வளவு வளைகிறது என்பதையும் பதிவுசெய்யும் ஃபேஸ் கான்ட்ராஸ்ட் முறை வளர்ந்துவருகிறது. இத்தாலியின் திரியெஸ்த் நகரிலுள்ள எலெட்ரா சின்க்ரோட்ரானில் (எலெக்ட்ரான்களை வேகமாகச் சுழலவிட்டு வலிமையான எக்ஸ்ரே உண்டாக்கும் பெரிய ஆய்வுக்கூடம்) நோயாளிகளிடமே சோதித்திருக்கிறார்கள். மிகுந்த நம்பிக்கை தரும் வழிதான், ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

அல்ட்ராசவுண்டுக்குப் போகும்போது மேமோகிராம் படங்களையும் கையோடு கொண்டுபோங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. கையில் கட்டி தட்டுப்பட்டால், இரண்டு ரிப்போர்ட்டிலும் ‘நார்மல்’ என்றே இருந்தாலும், மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.